பிறந்த குழந்தையின் செவி: ஒரு பரிசோதனையின் வரலாறும் பெற்றோரின் மனநிறைவும்

குழந்தை பிறந்தவுடன் அதன் காதில் பாங்கு சொல்லுவது நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக நிலைத்து வரும் வழக்கம். மருத்துவமனை அறையாயினும் வீட்டின் உள்ளறையாயினும், வாப்பாவோ பாட்டனாரோ பிள்ளையைக் கையில் ஏந்திச் செவியருகே குனிவார். திருக்குர்ஆனும் மனிதனுக்கு வழங்கப்பட்ட புலன்களைக் கூறும் பல இடங்களில் பார்வைக்கு முன்னர் செவியையே குறிப்பிடுகின்றது. கருவறையிலேயே, ஏறத்தாழ ஆறாம் மாதம் முதல், குழந்தை ஒலிகளைக் கேட்கத் தொடங்கிவிடுகின்றது என்று மருத்துவம் சொல்லுகின்றது. பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலைப் பிற பெண்களின் குரலிலிருந்து அது பிரித்தறிகின்றது.

ஆயினும், சொல்லப்பட்ட அந்தப் பாங்கு பிள்ளையின் செவியில் விழுந்ததா என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் வரை கேள்விக் குறைவுடன் பிறக்கின்றன என்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்ட கணக்கு. அக்குறை கண்ணுக்குத் தெரியாதது. அந்தக் குழந்தையும் அழும், சிரிக்கும், தாயின் முகம் பார்த்துக் கை நீட்டும். முதல் சில மாதங்களில் மழலை ஒலியும் எழுப்பும். இரண்டு வயதாகியும் 'உம்மா' என்று அழைக்கவில்லையே என்ற கவலை எழும்போது, 'அவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவார்கள். மருத்துவரிடம் செல்லும் நாள் மேலும் தள்ளிப்போகும். மொழி வேர் கொள்ள வேண்டிய பருவம் அதற்குள் கழிந்துவிடும்.

பிறந்த சில நாட்களுக்குள் செவியைச் சோதிக்கும் முறை எவ்வாறு தோன்றியது? பெற்றோர் அதை எவ்வாறு ஏற்றனர்? அவர்களுடைய மனநிறைவைப் பற்றி மருத்துவ உலகம் ஏன் அக்கறை கொண்டது? ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாடு போன்ற ஓரிடத்தில் அந்த மனநிறைவுக்கு என்ன பொருள்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தட்டொலியும் தொட்டிலும்

தட்டைத் தட்டிப் பார்ப்பதும், கைதட்டிப் பார்ப்பதும், பிள்ளை திடுக்கிட்டால் 'காது நன்றாகக் கேட்கின்றது' என்று முடிவு கட்டுவதும் நம் வீடுகளில் இன்றும் உண்டு. இதை அறியாமை என்று எள்ள வேண்டியதில்லை. மேலை நாட்டு மருத்துவமும் இந்தப் படியிலிருந்துதான் தொடங்கிற்று.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஐரீன் யூயிங், அலெக்சாண்டர் யூயிங் தம்பதியர் 1944இல் ஒரு முறையை வகுத்தளித்தனர். ஏழெட்டு மாதக் குழந்தை தாயின் மடியில் அமர்ந்திருக்கும். ஒருவர் முன்னே நின்று அதன் கவனத்தைக் கவர்வார். மற்றொருவர் குழந்தையின் பார்வைக்கு எட்டாத இடத்தில் நின்று கிலுகிலுப்பை போன்றவற்றால் மெல்லொலி எழுப்புவார். குழந்தை திரும்பிப் பார்த்தால் கேட்கின்றது என்று பொருள். பிற்காலத்தில் பிரிட்டன் முழுவதும் சுகாதாரச் செவிலியர் பல ஆண்டுகள் இம்முறையைக் கையாண்டனர். ஆனால் நிழலசைவையும் ஆடையின் சலசலப்பையும் காற்றின் அசைவையும் உணர்ந்து திரும்பும் குழந்தைகளும் 'கேட்கின்றன' என்றே எழுதப்பட்டன. கேள்விக் குறைவுள்ள பிள்ளைகள் பலர் இச்சோதனையைக் கடந்து சென்றனர்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் செவித்திறன் வல்லுநரான மேரியன் டவுன்ஸ், பிறந்த சில நாட்களிலேயே சோதிக்க வேண்டும் என்று 1960களில் முயன்றார். உரத்த ஒலி எழுப்பி, குழந்தை கண் சிமிட்டுகின்றதா, உடல் அசைக்கின்றதா என்று பயிற்சி பெற்ற தொண்டர்கள் பார்த்துக் குறித்தனர். 17,000 குழந்தைகளைச் சோதித்த அறிக்கை 1969இல் வெளிவந்தது. நோக்கம் உயர்ந்தது, கருவியோ மனிதக் கண். ஒருவர் அசைவு என்று கருதியதை மற்றொருவர் உறக்கத்தின் இயல்பான துடிப்பு என்று கருதினார். அதே 1969இல் டவுன்ஸின் தூண்டுதலால் உருவான குழந்தைச் செவித்திறன் கூட்டுக்குழு, தன் தொடக்க அறிக்கையில், நடத்தையைப் பார்த்துச் சோதிக்கும் இம்முறையை எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கவில்லை.

மெத்தைக்கு அடியில் அசைவை உணரும் கருவி பொருத்திய தொட்டில் ஒன்றைக் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் 1970களில் சோதித்தனர். குறைப் பிரசவம், கடும் மஞ்சள் காமாலை, குடும்பத்தில் கேள்விக் குறைவு ஆகியவை உள்ள குழந்தைகளை மட்டும் சோதித்தால் போதும் என்றும் ஒரு கருத்து எழுந்தது. ஆனால் பிறவியிலேயே கேள்விக் குறைவுள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இத்தகைய அறிகுறி எதுவும் இருப்பதில்லை என்று தெரிய வந்தது. எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க வேண்டும். அதற்கு நம்பத்தகுந்த கருவியும் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

செவி தரும் எதிரொலி

செவி ஒலியைப் பெறும் உறுப்பு மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. தாமஸ் கோல்ட் என்ற அறிஞர் 1948இல், உட்செவிக்குள் ஒலியைப் பெருக்கும் ஒரு செயற்பாடு இருக்க வேண்டும், அவ்வாறாயின் செவியிலிருந்து ஒலி வெளியேயும் வரக்கூடும் என்று கூறினார். அன்று அதை ஏற்றவர் சிலரே. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் அதை மெய்ப்பித்தார். நலமான செவிக்குள் ஒரு சிறு 'டிக்' ஒலியை அனுப்பினால், சில நொடிக்கூறுகளுக்குப் பின் அச்செவியே மிக மெல்லிய ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்புகின்றது. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் எழுப்பும் ஒலி அது. அவ்வணுக்கள் பழுதுற்றிருந்தால் எதிரொலி வருவதில்லை.

இன்று மகப்பேற்று மருத்துவமனைகளில் குழந்தை உறங்கும்போது அதன் காதில் மென்மையான சிறு முனை ஒன்றை வைத்து, சில நிமிடங்களில் முடித்துவிடும் சோதனை இதுவே. ஊசி இல்லை, வலி இல்லை, மயக்க மருந்து இல்லை.

மற்றொரு முறையும் உடன் வளர்ந்தது. ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் மூளைத் தண்டிலும் எழும் மின்னலைகளை வெளியிலிருந்தே அளக்கலாம் என்பதை ஜூவெட், வில்லிஸ்டன் என்ற இருவர் 1971இல் தெளிவுபடுத்தினர். சில ஆண்டுகளில் பச்சிளங் குழந்தைகளிடமும் இதை அளந்தனர். நெற்றியிலும் காதின் அருகிலும் சிறு ஒட்டுகளை வைத்துச் செய்யப்படும் இச்சோதனையை நம் மருத்துவமனைகளில் 'பெரா' என்று அழைப்பர். எதிரொலிச் சோதனை உட்செவியை மட்டும் காட்டும். இதுவோ ஒலி நரம்பின் வழியே மூளைத் தண்டு வரை சென்றதா என்பதையும் காட்டும்.

இவ்விரு கருவிகளும் வந்த பின்னர், எல்லாக் குழந்தைகளையும் பிறந்தவுடன் சோதிப்பது கைகூடும் செயலாயிற்று. 1993இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, முதல் மூன்று மாதங்களுக்குள் அனைத்துக் குழந்தைகளையும் சோதிக்கப் பரிந்துரைத்தது. கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் உடன் பணியாற்றியோரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்திற்கு முன் குறை கண்டறியப்பட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்ததைக் காட்டியது. ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்ற கால வரையறை இவற்றின் பின்னரே உலகெங்கும் நிலைபெற்றது.

பெற்றோரிடம் கேட்கப்பட்ட கேள்வி

கருவி சிறந்ததாயிற்று. ஆனால் அதை எதிர்த்தவர்களும் இருந்தனர். அவர்களுடைய வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. 1994இல் பெஸ், பாரடைஸ் என்ற இரு அமெரிக்க வல்லுநர்கள், இத்திட்டம் எளிதன்று, தீங்கற்றதும் அன்று என்று எழுதினர். பிறந்த முதல் இரு நாட்களில் குழந்தையின் காதில் பிரசவ நீரும் வெண்ணிறப் படிவும் தங்கியிருக்கும். அதனால் நலமான செவியும் எதிரொலி தராமல் போகலாம். அவ்வாறு ஒரு தாயிடம் 'உங்கள் குழந்தை சோதனையில் தேறவில்லை' என்று சொன்னால், அவள் மறு சோதனை வரை எத்தனை இரவுகள் உறங்காமல் கழிப்பாள்? நூறு தாய்மார்களை வீணே அழவைத்து ஒரு குழந்தையைக் கண்டுபிடிப்பது முறையா?

இதற்கு விடை ஆய்வுக்கூடத்தில் இல்லை, பெற்றோரிடம்தான் இருந்தது. ஆகவே அவர்களிடமே கேட்கத் தொடங்கினர். கேள்விக் குறைவுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் கிழக்கு லண்டனில் கேட்ட ஆய்வு ஒன்று 1995இல் வெளிவந்தது. பிறந்தபோதே தெரிந்திருந்தால் நலமாயிருந்திருக்கும் என்றே அவர்களுள் பெரும்பாலோர் கூறினர். பின்னர் நடந்த ஆய்வுகளும் ஒன்றை வலியுறுத்தின: சோதனை எதற்கு என்பதும், மறுமுறை அழைப்பது குறை உண்டு என்பதற்கு அடையாளம் அன்று என்பதும் முன்கூட்டியே விளக்கப்பட்ட தாய்மார்களிடம் அச்சம் குறைவாக இருந்தது.

இதன் பின்னரே சொற்கள் மாறின. 'தேறவில்லை' என்ற சொல்லை விலக்கி, 'மறு சோதனைக்குப் பரிந்துரை' என்று எழுதினர். பிரிட்டனில் 'தெளிவான பதில் கிடைக்கவில்லை' என்று சொல்லப் பழகினர். சிறிய மாற்றம்தான். ஆனால் பிறந்து இரண்டு நாளான பிள்ளையைத் 'தோற்றவன்' என்று சொல்லாமல் இருப்பதற்கு ஒரு துறை கால் நூற்றாண்டு கற்க வேண்டியிருந்தது.

2006இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரஃபீதா மஸ்லான் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் பெற்றோரின் மனநிறைவை அளப்பதற்கென்றே ஒரு வினாப் படிவத்தை உருவாக்கினர். தகவல் எவ்வாறு தரப்பட்டது, சோதித்தவர் எவ்வாறு நடந்துகொண்டார், நேரமும் இடமும் ஏற்பாடுகளும் எவ்வாறு இருந்தன, மொத்தத்தில் மனநிறைவு உண்டா என்ற நான்கு பகுதிகள் அதில் இருந்தன. கருவியின் நுட்பத்தை அறிய முடியாத பெற்றோர், தம்மிடம் பேசியவரின் சொல்லை அறிவார்கள். காத்திருந்த நேரத்தை அறிவார்கள். அவர்கள் திரும்பி வருவதும் வராததும் அதைப் பொறுத்தே அமைகின்றது. இக்காரணம் பற்றியே பெற்றோரின் மனநிறைவு வெறும் மரியாதைக் கேள்வியாக நின்றுவிடாமல், திட்டத்தின் உயிர்நாடியாயிற்று.

இத்தகைய படிவங்களுக்கு ஓர் எல்லை உண்டு. வந்தவர்களிடம் மட்டுமே அவற்றைக் கொடுக்க முடியும். வழி தூரம் என்றோ கூலி போகும் என்றோ அச்சத்தாலோ திரும்பி வராத தாயின் மனக்குறை எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. நம் நாட்டில் மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளை அங்கி அணிந்தவர் 'எல்லாம் நன்றாக இருந்ததா, அம்மா?' என்று கேட்டால், 'நன்றாக இருந்தது' என்றே நம் தாய்மார்கள் சொல்லுவார்கள். அது மனநிறைவாக இருக்கலாம். வெறும் பணிவாகவும் இருக்கலாம்.

தமிழகம் நடந்து வந்த வழி

தமிழ் மண்ணில் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான அக்கறை புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் அவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் நிறுவப்பட்டது. 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, மிகச் சிறு பிள்ளைகளுக்குத் தாயையும் உடன் அமர்த்திப் பேச்சுப் பயிற்சி அளித்தது. ஆனால் இவையெல்லாம் குறை தெரிந்த பின்னர் சென்று சேரும் இடங்கள். பிறந்தவுடன் அறியும் வழி நெடுநாள் இல்லை.

2003இல் அண்டை மாநிலமான கேரளத்தின் கொச்சியில், குழந்தை மருத்துவர்கள் சங்கத்தினர் ஒரு சிக்கன வழி கண்டனர். ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே கருவி வாங்குவதற்கு மாறாக, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு கருவியுடன் பல மகப்பேற்று மருத்துவமனைகளுக்கும் முறைவைத்துச் சென்று சோதித்தார். நடுவண் அரசின் காது கேளாமைத் தடுப்பு, கட்டுப்பாட்டுத் தேசியத் திட்டம் 2006இல் முன்னோடியாக 25 மாவட்டங்களில் தொடங்கிற்று. 2013இல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலத் திட்டம், பிறவிக் கேள்விக் குறைவையும் தான் தேடும் 30 குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 2017இல் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 'சோஹம்' என்ற பெயரில், மூளைத் தண்டின் மின்னலைகளை அளக்கும் உள்நாட்டுக் கருவியை வெளியிட்டது.

ஜவ்வாது மலைக்கு மிக அருகிலிருக்கும் சான்று வேலூரில் கிடைக்கின்றது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளின் செவியைச் சோதித்த அனுபவம் 2014இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்தது. இந்திய ஆய்வுகள் பலவும் மீண்டும் மீண்டும் கூறும் ஒரு குறை உண்டு. முதல் சோதனை எளிதில் நடந்துவிடுகின்றது. மறு சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களுள் பலர் திரும்பி வருவதில்லை.

அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பதோடு நில்லாமல், நாமே அவர்களிடம் சென்றால் என்ன என்று எண்ணியது சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் செவித்திறன் துறை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்து, எதிரொலிக் கருவியை அவர்கள் கையில் கொடுத்து, வீடு வீடாகக் குழந்தைகளைச் சோதிக்கச் செய்தனர். மறு சோதனை தேவைப்பட்ட குழந்தைகளுக்காகத் தொலைவழி முறை வந்தது. கிராமத்தில் ஒருவர் குழந்தைக்கு ஒட்டுகளை வைப்பார். சென்னையில் அமர்ந்திருக்கும் வல்லுநர் கருவியை இயக்கி முடிவைப் பார்ப்பார். செயற்கைக்கோள் இணைப்புக் கொண்ட நடமாடும் வண்டியில் இதைச் செய்து பார்த்த முயற்சி 2013இல் ஆய்விதழில் வெளிவந்தது.

இம்முயற்சியின் பொருள் கருவி நுட்பத்தைவிடப் பெரிது. தாய்க்குச் சோதனையை விளக்குபவள் அதே ஊர்ப் பெண். அவளுடைய மொழி தாயின் மொழி. அறிமுகமில்லாத ஒருவர் சொல்லும் 'மறு சோதனை' அச்சத்தைத் தரும். பக்கத்துத் தெரு அக்கா சொல்லும் 'இன்னொரு தடவை பார்த்துவிடுவோம்' தைரியத்தைத் தரும்.

நெல்லிவாசல்நாடு கேட்கும் கேள்வி

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் திருப்பத்தூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு ஜவ்வாது மலை அன்றாடம் கண்ணில் படும் மலை. 2019இல் வேலூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில், அம்மலையின் மீது புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்ற மூன்று நாடுகள் உள்ளன. அங்கு வாழ்வோர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்பது அவர்களது வாய்மொழி மரபு. சாமை விளைவிப்பதும் காட்டுப் பொருள் சேகரிப்பதும் அவர்களது வாழ்வு. வேலை தேடி வெளியூர் செல்வோரும் உண்டு.

அதே மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கின்றது. 1986 முதல் அங்கு இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி, எத்தனையோ ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் விண்மீனின் மங்கிய ஒளியைப் பிடிக்கின்றது. கைக்குழந்தையின் செவியிலிருந்து வரும் எதிரொலியைப் பிடிக்கும் கருவியோ உள்ளங்கையில் அடங்கக்கூடியது. மலைக்கு எதைக் கொண்டு செல்ல முடியும் என்பது கருவியின் அளவைப் பொறுத்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலையூர் ஒன்றிலிருந்து பிரசவத்திற்காகக் கீழே இறங்கி வரும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். மருத்துவமனையிலேயே பிள்ளையின் செவி சோதிக்கப்பட்டால், அதற்கென அவளுக்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஆனால் 'இரண்டு வாரம் கழித்து வாருங்கள்' என்று சொல்லப்படும் அந்தக் கணத்தில் கணக்கு மாறுகின்றது. மலையிறங்கும் பேருந்தின் நேரம் பார்க்க வேண்டும். கணவனுக்கு ஒரு நாள் கூலி போகும். வீட்டிலுள்ள மூத்த பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். பச்சிளங் குழந்தையை மழையிலும் காற்றிலும் எடுத்து வர வேண்டும். இத்தனையும் எதற்காக? பார்வைக்கு நலமாக இருக்கும் பிள்ளைக்கு, தனக்குப் புரியாத ஒரு சோதனைக்காக! அவள் வராமல் போனால் அதை அலட்சியம் என்று யாரும் எழுதலாகாது. அவள் தன் வாழ்வின் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கின்றாள். அக்கணக்கில் மறு பக்கத்தில் என்ன இருக்கின்றது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே குறை.

மறு பக்கத்தில் இருப்பது பிள்ளையின் மொழி. மூன்றாம் மாதத்தில் உறுதி செய்யப்பட்டால், ஆறாம் மாதத்திற்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும் தொடங்கலாம். அது போதாத குழந்தைகளுக்கு, தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், 6 வயதுக்குட்பட்டோருக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. ஆனால் மூளை மொழியை எளிதில் ஏற்கும் காலம் முதல் சில ஆண்டுகளே. ஐந்து வயதில் செய்யப்படும் சிகிச்சை, ஒரு வயதில் செய்ததற்கு ஈடாவதில்லை. இதை அந்தத் தாயின் மொழியில், அவள் கேள்வி கேட்க இடம் தந்து, ஐந்து நிமிடம் பேசினால், பேருந்துக் கணக்கை அவளே வேறு விதமாகப் போடுவாள். பேருந்தின் தேவையே இல்லாமல் சோதனை மலைக்குச் சென்றால் அது அதனினும் சிறப்பு. போரூர் முயற்சி சமவெளிக் கிராமங்களில் காட்டிய வழி, புதூர்நாட்டுக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கும் பொருந்தாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

நம் வீட்டுக்குள் இருக்கும் மலை

தூரம் மலையில் மட்டும் இல்லை. மருத்துவமனைக்குப் பத்து நிமிட நடையில் வாழும் நம் குடும்பங்களிலும் மறு சோதனை தவறுகின்றது. அங்கு வழியை மறிப்பது வெட்கம். 'பெண் பிள்ளைக்குக் காது கேட்காது என்று ஊருக்குத் தெரிந்தால் நாளை யார் கட்டுவார்?' என்ற அச்சமும், 'தாய்வழியில்தான் இந்தக் குறை வந்தது' என்ற பழியும் எத்தனையோ வீடுகளில் மருத்துவச் சீட்டை அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கின்றன.

இப்பழி அறிவியலுக்கும் அறத்துக்கும் ஒவ்வாதது. பிறவிக் கேள்விக் குறைவுக்குக் காரணமான மரபணு மாற்றங்களுள் மிகப் பரவலான ஒன்று 1997இல் கண்டறியப்பட்டது. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தால்தான் குறை வெளிப்படும். பெற்றோர் இருவருக்கும் செவி நலமாகவே இருக்கும். தம்மிடம் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அத்தகைய இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே தாயை மட்டும் குற்றம் சொல்ல யாருக்கும் இடமில்லை. உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்புக் கூடுகின்றது. தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உறவுத் திருமணம் பரவலாக இருக்கின்றது, நம்மிடையேயும் உண்டு. மார்க்கம் அதை அனுமதித்திருக்கின்றது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் முன்னரே கேள்விக் குறைவு இருப்பின், திருமணப் பேச்சின்போதே மரபியல் ஆலோசனை பெறுவது விவேகம்.

மரபணுவுக்கு அப்பாலும் காரணங்கள் உள்ளன. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா என்னும் மணல்வாரி வகைக் காய்ச்சல் வந்தால், பிறக்கும் குழந்தையின் செவி பழுதடையலாம். 2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். அந்த ஊசி தடுக்கும் துன்பங்களுள் பிறவிச் செவிடும் ஒன்று என்பதை அன்று எத்தனை பேரிடம் யார் எடுத்துச் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவர் சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பிவிடுகின்றது.

நாம் செய்யக்கூடியவை

மகப்பேற்றுக்குச் சேரும் மருத்துவமனையில், 'பிள்ளையின் காதைச் சோதிப்பீர்களா, எந்த முறையில், முடிவை எழுத்தில் தருவீர்களா?' என்று முன்கூட்டியே கேட்பது பெற்றோரின் உரிமை. அங்கு வசதி இல்லையெனில், ஒரு மாதத்திற்குள் எங்கு செல்ல வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் கேட்டறியலாம். மறு சோதனைக்கு அழைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு அழைக்கப்படும் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குச் செவி நலமாகவே இருக்கும். ஆனால் அந்த நாளைத் தவறவிடலாகாது.

முதல் சோதனையில் நலம் என்று வந்தாலும் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். மூளைக்காய்ச்சல், சில மருந்துகள், பின்னர் வெளிப்படும் மரபுக் குறை ஆகியவற்றால் செவி பிற்காலத்திலும் குன்றலாம். ஆறு மாதத்தில் குரல் வந்த திசைக்குத் திரும்பாத பிள்ளையையும், ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் கவனிக்காத பிள்ளையையும் மீண்டும் சோதிக்க வேண்டும். தட்டொலிக்குத் திடுக்கிட்டது என்பதை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. மேரியன் டவுன்ஸ் காலத்திலேயே அது போதாது என்று உலகம் கண்டுகொண்டது.

மஹல்லாதோறும் ஜமாஅத்தார் அகீகா, பெயர் சூட்டல், தடுப்பூசி ஆகியவற்றை நினைவூட்டும்போது 'காது பார்த்தாயிற்றா?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் செல்வர்கள் ஊர் மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியும் குளிர்நீர்க் கருவியும் வழங்குவதுபோல, ஒரு செவிச் சோதனைக் கருவியும் அதை இயக்கும் பெண்ணுக்குப் பயிற்சியும் வழங்கலாம். அந்தப் பெண் நம் தெருக்களோடு நில்லாமல் மாதம் இருமுறை மலைக்கும் செல்லட்டும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். நெல்லிவாசல்நாட்டார் நமக்கு மேலே வாழும் அண்டை வீட்டார்.

ஒரு கருவியின் வெற்றியை எத்தனை குழந்தைகளைச் சோதித்தது என்று எண்ணுவது எளிது. அழைக்கப்பட்ட தாய் அச்சமின்றித் திரும்பி வந்தாளா, வந்தவள் புரிந்துகொண்டு சென்றாளா என்று எண்ணுவது கடினம். எண்பது ஆண்டு வரலாறு நமக்குக் கற்றுத் தருவது, இந்த இரண்டாம் கணக்கே பிள்ளையின் மொழியைக் காக்கின்றது என்பதைத்தான். இவ்வாண்டு நம் குடும்பங்களில் பிறக்கவிருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், பிறந்த முதல் மாதத்திற்குள் அச்சோதனை நடந்ததா என்று கேட்கும் பொறுப்பை, வீட்டுக்கு ஒருவராவது இன்றே ஏற்றுக்கொள்வோம்.